பட்டாணி கூடாது

பீடோங் செம்பனை ஆலையில்
எடைப்பாலத்துக் குமாஸ்தா நான்.
குலையோடு லாரி ஏறும், கொட்டிவிட்டு வெறும் லாரி திரும்பும்,
கழித்தால் வருவது கணக்கு.
பதினோரு வருடத்தில் ஒரு கிலோ பிசகியதில்லை.

பிள்ளை பிறந்து நான்காம் நாள்
கண் வெள்ளையில் மஞ்சள்.
பல்பு மங்கல் என்றேன்.
ஐந்தாம் நாள் அந்தப் பல்பு
உள்ளங்கால் வரை எரிந்தது.

சுங்கைப்பட்டாணி பெரியாஸ்பத்திரி.
நீல விளக்கின் கீழே கண்ணில் துணி கட்டி,
கடற்கரைக்கு வந்த வெள்ளைக்காரன் மாதிரி
கைகால் பரப்பிக் கிடக்கிறான் என் மகன்.
மிஸ்ஸி நோராய்னி பட்டியல் நீட்டுகிறாள்:
பெரிய அவரைக்கொட்டை கூடாது,
சில வேர்மருந்து கூடாது, சில மலேரியா மாத்திரை கூடாது,
துணி அலமாரியில் பாச்சை உருண்டை கூடவே கூடாது.
"அப்போ பட்டாணி?"
அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை.
"எதற்கும் வேண்டாமே."
பெயரிலேயே பட்டாணி வைத்திருக்கும் ஊரில்
எதற்கும் வேண்டாம்.
சிரித்துவிட்டேன்.

பாதிச் சிரிப்பில் அந்த இழுப்பறை திறந்தது.
எட்டு மாதமாய் மடித்து மடித்து வைத்த சின்னச் சட்டைகள்,
மூலைக்கு ஒன்றாய் நான்கு வெள்ளை உருண்டை.
வைத்தவள் நான்.

டாக்டர் தவமலர் ரசீதின் பின்பக்கம் வரைந்து காட்டினார்.
ஜி சிக்ஸ் பி டி.
வாய்விட்டுச் சொன்னால் லாரி நம்பர்.
எக்ஸ் இழையின் கடைக்கோடியில் குடியிருக்கும் மரபணு.
அது செய்வது ஒரு நொதி,
அந்த நொதிக்கு வேலை
சிவப்பணுவைத் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது.
மற்ற அணுக்களுக்கு வேறு வழியும் உண்டாம்.
சிவப்பணுவுக்கு உட்கருகூட இல்லை,
இந்த ஒரே காவல்காரன்.
நூற்றிருபது நாள் ஓடவேண்டிய வண்டி,
காவல் அசந்தால் நடுவழியில் உடையும்.
உடைந்தது மஞ்சளாகும்.
மஞ்சள் மூளைக்கு ஏறாமலிருக்கத்தான் இந்த நீலம்.

"பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு.
ஆணுக்கு ஒன்று.
அது அம்மாவிடமிருந்து வருவது."
கடைசி வரியை மட்டும்
குரல் தாழ்த்திச் சொன்னார்.
தனபாலன் கைபேசியை எடுத்தான், பையில் போட்டான்,
மறுபடி எடுத்தான்.

அம்மாவுக்கு அர்ச்சுனன் என்று ஒரு தம்பி இருந்தானாம்.
மூன்றாம் டிவிஷன் லயத்தில், ஆறு வயதில்,
காய்ச்சலுக்கு டிரஸ்ஸர் கொடுத்த மாத்திரை முழுங்கி
கொப்பி-ஓ நிறத்தில் மூத்திரம் போய்
மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான்.
முனி அடித்தது என்றார்கள். ஒரு சேவல் போனது.
டிரஸ்ஸர் பேரேட்டில் 'காய்ச்சல்' என்று எழுதியிருப்பார்.
தப்பான கட்டத்தில் ஏறிய எடை.
இன்று திருத்தினாலும்
வண்டி எப்போதோ போய்விட்டது.
அதுதானா என்றுகூட
நிச்சயமாய்ச் சொல்ல ஆளில்லை.

இந்தப் பிசகு இருந்தால் மலேரியாவிடம்
ஓரளவு தப்பலாம் என்றும் டாக்டர் சொன்னார்.
ஓரளவு.
காடு வெட்டிய காலத்தில்
பக்கத்துக் கட்டிலில் எல்லாரும் நடுங்கிச் சாக
என் வழியில் யாரோ ஒருத்தி
எழுந்து கஞ்சி கேட்டிருக்கலாம்.
பெருமையெல்லாம் வேண்டாம்.
அவள் பிழைத்த கடனுக்கு
இப்போது ரசீது வருகிறது, அவ்வளவுதான்.

என் உடம்பில் சில அணு இந்த எக்ஸுக்குக் கட்டுப்படுமாம்,
சில அந்த எக்ஸுக்கு.
பழமும் காயும் கலந்து ஏற்றிய லோடு நான்.
தரம் பிரிப்பவன் தலையைச் சொறிந்தாலும்
பாலம் என்னை ஒரே எண்ணாகத்தான் காட்டும்.

ஒன்பதாம் நாள் வீடு.
எங்கே போனாலும் காட்டச் சொல்லி ஒரு அட்டை.
உருண்டைகளை ஆலைக் குப்பையில் எறியும் முன்
மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன்: பதினாறு கிராம்.
எங்கள் பாலத்தில்
இருபது கிலோவுக்குக் கீழே எதுவும் தெரியாது.

சட்டைகளை ஐந்து முறை அலசி
வெயிலில் போட்டேன்.
தனபாலன் ஒவ்வொன்றாய் முகர்ந்து பார்த்து
ஒன்றும் பேசாமல் மறுபடி வாளியில் போட்டான்.
ஆறாவது முறை அவனே பிழிந்தான்.

போன வாரம்
மகனின் இடது காலுறையில்
பூச்சி ஒன்று ஓட்டை போட்டிருந்தது.
கட்டைவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது,
ரோஸ் நிறத்தில்.
தைக்கவில்லை.